பனியன் துணியில் சுற்றிய முருங்கைக்காய்

சாக்குக்குள் வைத்த ஐஸ் பாளத்தை மரக்கட்டையால் அடித்தால் ஒரு சத்தம் வரும். முதல் அடிக்கு மந்தமாக, யாரோ தலையணையில் முகம் புதைத்து இருமுவது போல. உள்ளே நொறுங்க நொறுங்க, கண்ணாடி வளையல்களைக் கொட்டுவது போல. எழுபதுகளின் தொடக்கத்தில் திருப்பூரே பனியன் கம்பெனிச் சங்குக்கு எழுந்துகொண்டிருந்தபோது, என் பகல் மட்டும் இந்தச் சத்தத்தில் தொடங்கியது.

காய்கறியை விமானத்தில் ஏற்றி அயல்நாட்டுக்கு அனுப்புவது வெயிலோடு ஓடுகிற ஓட்டப்பந்தயம்; கூடைக்குள் போடத்தான் அந்த ஐஸ். அழுகும் சரக்கை நம்பிப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், "கூடையைத் திறந்து பார்த்தோம்" என்று எதிரில் இருப்பவர் ஆரம்பித்தால் மிச்சம் என்னவாக இருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் முதலாளி சென்னியப்பன். அண்ணனோடு நடத்திய பனியன் கம்பெனியில் தன் பங்கை விட்டுவிட்டு, சிங்கப்பூருக்கு முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அனுப்பக் கிளம்பியவர். அண்ணன் கம்பெனியின் மாடியில்தான் ஆபீஸ். கோயமுத்தூரில் இலக்கியம் படித்துவிட்டு வந்த எனக்கு அங்கே கடிதம், தந்தி, டெலிபோன் வேலை. "அந்த ஆபீஸ் நடக்கற வரைக்கும் போ கண்ணு. மூடுனா அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம்" என்பது அப்பா போட்ட ஒப்பந்தம். அதனால் ஒவ்வொரு கூடையும் வாடாமல் போய்ச் சேர வேண்டும் என்று முதலாளியைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

தந்தியில் மரியாதை

சிங்கப்பூரில் எங்கள் சரக்கை வாங்கியவர் காசிம் ராவுத்தர். காய் போய்ச் சேர்ந்ததா என்று அவரிடம் கேட்டு முதல் தந்தி எழுதினேன். சுருக்கமான ஆங்கிலம். முதலாளி அதைத் தமிழில் சொல்லச் சொன்னார். "சரக்கு வந்ததா, தெரிவி" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "என்னங்க அம்மிணி, பண்ணையத்து ஆளைக் கேக்கறாப்பல இருக்குது? எங்கீங்க 'ங்க'?" ஆங்கிலத்தில் 'ங்க' கிடையாது என்றேன். அவர் நம்பவில்லை. அத்தனை பெரிய பாஷையில் மரியாதைக்கு ஒரு வழி வைக்காமலா இருப்பார்கள்? கடைசியில், வேண்டுமானால் ஒரு 'ப்ளீஸ்' சேர்க்கலாம் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"ரெண்டு ப்ளீஸாப் போடுங்க அம்மிணி, அவரு வயசுல பெரியவருங்க."

மெட்ராஸ் குரல்

கூடைகள் சாயங்கால மெயில் ரயிலில் மெட்ராஸ் போகும். அங்கே ஏஜெண்டு ஆபீஸ்காரர்கள் எடுத்துப்போய் மீனம்பாக்கத்தில் ஏற்றுவார்கள். ஏறியதா என்று மறுநாள் நான் ட்ரங்க் கால் போட்டுக் கேட்க வேண்டும். எடுப்பவர் பெயர் சேகர். "ஏத்தியாச்சு" என்ற ஒரே சொல்லோடு வைத்துவிடப் பார்ப்பார். நல்ல குரல். அடியில் எப்போதும் ஒரு சிரிப்பு, கிணற்றுத் தண்ணீர் மாதிரி.

எனக்கு ஒரு சொல் போதாது. "எல்லாக் கூடையும் ஏறிடுச்சுங்களா? முருங்கக்கா நல்லா இருந்துச்சுங்களா? கறிவேப்பிலை வாடலீங்களே?" என்று அடுக்குவேன். ஒருநாள் அவர் பொறுமை இழந்து, உங்கள் ஊரில் கூடைக்குக்கூட 'ங்க' போடுவீர்களா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். உடனே படு மரியாதையாகச் சொன்னார்:

"முருங்கைக்காய்ங்க சௌக்கியமா இருக்காங்க. கறிவேப்பிலைதான் ராத்திரி தூங்கல போல, கொஞ்சம் சோர்ந்து போயிட்டாங்க."

புடலங்காய் சடங்கு

மற்ற ஊர்க்காரர்கள் காயை வைக்கோலில் சுற்றினார்கள். எங்களுக்குக் கீழே பனியன் கம்பெனி இருந்ததால், வெட்டித் தள்ளிய வெள்ளைத் துணியை நனைத்துச் சுற்றினோம். ஈரம் நின்றது. ராவுத்தர் கடையில் காய் எடுத்தவர்களுக்கு அவ்வப்போது ஒரு பனியன் கையும் சேர்ந்து கிடைத்தது. யாரும் குறை சொல்லவில்லை.

அந்த வருஷம் பெரியவர், அதாவது முதலாளியின் அண்ணன், கலர் பனியன் போடத் தொடங்கினார். தம்பி மேல் பாசம் பொங்கி, புதுச் சிவப்புத் துணி வெட்டில் ஒரு மூட்டையை மேலே அனுப்பிவைத்தார். நாங்களும் நனைத்து, புடலங்காய்களை அழகாகச் சுற்றி அனுப்பினோம். சாயம் நிற்குமா என்று சாயப்பட்டறை ஊர்க்காரர்களான எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சிங்கப்பூரிலிருந்து டெலிபோன் வந்தது. முதலாளி ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டார். ராவுத்தர் கோபப்படவில்லை.

"உங்க புடலங்காயெல்லாம் வயசுக்கு வந்துருச்சும்மா. தாய்மாமன் சீரோட சென்னியப்பன் தம்பியவே வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு."

அன்று வீட்டில் அம்மா கல்யாணத் தரகருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

புரட்டாசி லோடு

ராவுத்தர் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். புரட்டாசி மாதம் சிங்கப்பூரில் நம் ஆட்கள் கவிச்சி தொடமாட்டார்கள், காய் நிறைய ஓடும். இந்த லோடு சரியாக வந்தால் வருஷம் முழுக்க வாங்குகிறேன், கெட்டால் இத்தோடு சரி என்றார். முதலாளி அவிநாசிக் கோயிலுக்குப் போய் வந்தார். நானும் போனேன். அவரிடம் சொல்லவில்லை.

கூடைகள் மீனம்பாக்கம் போய்விட்டன. விமானம் பழுதாகி நின்றுவிட்டது. அன்று முதல் தடவையாக மெட்ராஸிலிருந்து எனக்கு ட்ரங்க் கால் வந்தது. வெயிலில் காய் வதங்குவதைப் பார்த்துச் சகிக்காமல், பக்கத்தில் உறைந்த இறால் அனுப்புகிறவர்களிடம் கெஞ்சி, அவர்கள் பெட்டியிலிருந்த ஐஸை வாங்கிக் கூடைகளில் போட்டிருக்கிறார் சேகர். காய் ஒன்றுகூட வாடவில்லை. ஆனால், என்று சொல்லி நிறுத்தினார். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

"தப்புப் பண்ணிட்டேங்க. எல்லாத்துலயும் இறால் வாசம் ஏறிடுச்சுங்க."

அவர் அறியாமலே 'ங்க' போட்டார். இறால் வாசத்துக்கு முன்னால் அதுதான் என் காதில் விழுந்தது.

மாடிப்படி

புரட்டாசிச் சாம்பாரில் இறால் மணந்தால் தன் கடைக்கு எவன் வருவான் என்று கேட்டு ராவுத்தர் முடித்துக்கொண்டார். முதலாளி ஐஸ் சாக்கை மடித்துத் தலைக்கு வைத்து மாடியில் படுத்துக் கிடந்தார். பெரியவர் படியேறி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். தம்பியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் தலைமாட்டில் ஒட்டியிருந்த கறிவேப்பிலை ஈர்க்கை எடுத்துப் போட்டார்.

"பனியன் வாடாதுடா சென்னியா. கீழ வா."

கடைசி ட்ரங்க் கால்

ஆபீஸ் மூடுகிற விஷயத்தைச் சேகரிடம் நான்தான் சொன்னேன். எல்லாம் அந்த ஐஸால்தானே என்றார். இல்லீங்க என்றேன். அடுத்தது என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கல்யாணம் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் இருப்பேன் என்றேன். நேரம் முடிந்தது என்று ஆபரேட்டர் குறுக்கே வந்தாள். அவளைத் தாண்டி அவர் குரல் அவசரமாக வந்தது.

"அப்ப இனிமே நான் யாருகிட்டங்க 'ங்க' போட்டுப் பேசறது?"

அதோடு லைன் போய்விட்டது. சில மாதம் கழித்து, ஏதோ சாக்குச் சொல்லி போஸ்ட் ஆபீஸ் போய் அதே எண்ணுக்கு ஒரு கால் போட்டேன். சேகர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார் என்று 'ங்க' இல்லாத ஒரு குரல் சொன்னது.

தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பனியன் ஏற்றுமதிக்காரர், அவர் அனுப்பிய சரக்கு ஒருநாளும் வாடியதில்லை.