திரும்பி வரும் பங்கு

நாயாற்று மீனவர் கொன்ஸ்ரன்ரைனுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: படகு போக ஒரு பங்கு எண்ணெய், வர ஒரு பங்கு, காற்று மாறினால் இன்னொரு பங்கு. முப்பது வருடமாக இந்தக் கணக்கோடுதான் கடலுக்குப் போகிறார். படகில் ஏறமுன் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரியும் உண்டு. இரண்டில் எது தன்னைக் கரைசேர்க்கிறது என்று அவர் ஆராய்ந்ததில்லை. ஒன்றை நிறுத்திப் பார்க்கிற துணிச்சலும் இல்லை.

இன்று காலை அவர் மகள் நிறஞ்சனா, வயோதிபர் இல்லமொன்றில் வேலைக்காக, கட்டுநாயக்காவில் சிங்கப்பூர் விமானம் ஏறினாள். ஏற்றிவிடப் போன மகன் றொமேஸ், போகமுன் போனில் தட்டிக் காட்டியிருந்தான்: தூரம் இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர், பறப்பு நான்கு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. தன் படகுக்கு அது ஐந்து நாள் என்று கொன்ஸ்ரன்ரைன் மனதுக்குள் கணித்தார்.

வில்லங்கம் ரிக்கற்றில் இருந்தது. அதன் பிரதியைப் படகு லைசென்ஸ் வைக்கும் பொலித்தீன் உறைக்குள் பத்திரப்படுத்தியிருந்தார். புறப்பாடு காலை ஏழு நாற்பது, இறக்கம் பிற்பகல் இரண்டு ஐந்து. நான்கு மணித்தியாலம் போக, மீதி ஏறக்குறைய இரண்டரை. அந்த இரண்டரை மணித்தியாலம் விமானம் என்ன செய்கிறது? எஞ்சின் நின்ற படகு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். நீரோட்டம் இழுத்த பக்கம் போகும்.

றொமேசைக் கேட்டிருக்கலாம். ஆனால் வள்ளம் கடலில் நிற்கையில் அது எத்தனை மணிக்கு வரும் என்று கரையில் எவரும் வாய்திறப்பதில்லை, கடலுக்குக் கேட்டுவிடும். இத்தனை காலமும் அப்படி வாய்திறக்காமல் இருந்தவள் மனைவி சூசையம்மா; அவர் வள்ளம் கண்ணில் பட்டபின்தான் உலை வைப்பாள். கொன்ஸ்ரன்ரைன் கரையில் காத்திருப்பது இதுவே முதல் தடவை.

றொமேசின் கணக்குப்படி விமானம் இறங்கவேண்டிய பதினொன்று முப்பத்தைந்து ஆனது. போன் அடிக்கவில்லை. அவர் வாசலுக்கும் குசினிக்கும் நடந்தார்.

"இஞ்சேர், உலையை வையன்."

"வள்ளம் தெரியட்டும்." மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்த சூசையம்மா நிமிரவில்லை.

"இது வள்ளமே?"

"அப்ப ஏன் வானத்தை விட்டிட்டுக் கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

அவர் அவசரமாக வானத்தைப் பார்த்தார். ஒரு பருந்து நின்றது.

"முப்பது வருஷம் நான் இருந்த இருப்பு," என்றாள் அவள். "உங்களுக்கு ஒரு காலமை தாங்கேலாமக் கிடக்கு."

பன்னிரண்டு பத்துக்குப் போன் அடித்தது.

"சுகமா வந்திட்டன் அப்பா. வெளியில வரத்தான் மினக்கெட்டுப் போச்சு. இப்ப ரண்டு நாப்பது."

"இஞ்ச பன்ரண்டு பத்தெல்லோ பிள்ளை?"

"இஞ்சத்தை நேரம் ரண்டரை மணித்தியாலம் முந்தியப்பா!"

அவ்வளவுதான். விமானம் எங்கும் மிதக்கவில்லை. கொன்ஸ்ரன்ரைன் கதிரையில் விழுந்தார். சூசையம்மா எழும்பி உலையை வைத்தாள்.

போனைக் காதில் வைத்தபடியே, நிம்மதியில் ரிக்கற்றை மீண்டும் விரித்தார். திரும்பி வரும் நேரத்தைத் தேடினார். மறுபக்கம் புரட்டினார். வெறுந்தாள்.

"பிள்ளை, வாறதுக்கு ரிக்கற்?"

"ரண்டு வருஷம் முடியக் கொம்பனி எடுத்துத் தருமாம் அப்பா."

திரும்பும் எண்ணெய் இல்லாமல் ஒருநாளும் கரையை விட்டு அசையாத மனிதர், மகளை ஒரு பங்கோடு அனுப்பியிருக்கிறார். காற்றுக்கான பங்கைப் பற்றிப் பேச்சே இல்லை. எப்ப வருவாய் என்ற கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது. குசினி வாசலில் சூசையம்மா அகப்பையோடு நின்று, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"சாப்பிட்டியே பிள்ளை?" என்றார்.