பொட்டுக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு

போன சனிக்கிழமை காலை என் மயிலாப்பூர் ஸ்டுடியோவுக்கு செல்வி வந்தார். ஆற்றோரம் குடியிருந்து, இப்போது பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம். அவர் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் நான்.

"அண்ணே, அப்பா பூட்டாரு. நாளைக்கு காரியம். வூடு மாத்தசொல்ல ஆல்பம் எங்கயோ பூடுச்சு. அவரு படம் வேற ஒண்ணுகூட இல்ல. உன்னாண்ட கீதா?"

"இருக்கும்மா" என்றேன், தைரியமாக.

தைரியத்துக்குக் காரணம் மேஜை மேல் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்றில் ஏறும் படம் அப்படியே இன்னொன்றிலும் ஏறிவிடும். ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும்.

கம்ப்யூட்டரைத் திறந்தால்... அதே இங்கிலீஷ் அறிவிப்பு. பதினைந்து நாளாக வருகிறது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் என்ன செய்வேன்? ஓகே அழுத்தினேன். தினமும் அழுத்தினேன். யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கூச்சம்!

செல்வி எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினார். "டிஸ்க் ஃபெயில்டுன்னு போட்டுகீது அண்ணே."

கெட்டதைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று குத்துமதிப்பாக இடது பக்க டிஸ்க்கில் கை வைத்தேன்.

"அண்ணே, தெரியாம இழுக்காத! போன் போடு!"

போட்டேன். ஈக்காட்டுத்தாங்கலில் இந்தப் பெட்டியை எனக்கு விற்ற ரெஹானா அம்மா, "கைய எடுங்க சார் முதல்ல. வந்துட்டே இருக்கேன்" என்றார்.

ஒரு மணி நேரத்தில் வந்தார். "எந்த லைட் சிவப்பா இருக்கு?"

எல்லாமே சிவப்புதான். ஆயுத பூஜைக்கு சந்தனம், குங்குமம் வைத்தேன் அல்லவா? பெட்டியின் முகப்பில் வாகாகத் தெரிந்த இடம் அந்த இரண்டு சின்ன விளக்குகள். சரியாக அவற்றின் மேலேயே ஆளுக்கொரு பொட்டு!

"சார், கேமராவுக்கு லென்ஸ் மேலயா பொட்டு வெப்பீங்க?"

"இல்லீங்க..."

"இதுக்கு மட்டும் கண்ண மூடிட்டீங்களே!"

அதுவரை அழுதுகொண்டிருந்த செல்வி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ரெஹானா அம்மா ஈரத்துணியால் துடைத்தார். வலது பக்கம் சிவப்பு. இடது பக்கம் பச்சை. நான் இழுக்க இருந்தது — உயிரோடு இருந்த ஒரே டிஸ்க்கை.

முதல் வேலையாக செல்வியின் கல்யாணப் படங்களை ஒரு பென் டிரைவில் ஏற்றினார். பிறகுதான் கெட்ட டிஸ்க்கைக் கழற்றிப் புதியதைச் செருகினார். "நல்லதுல இருந்து இதுக்கு முழுசா காப்பி ஆக சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் தொடாதீங்க. தயவுசெஞ்சு பொட்டும் வெக்காதீங்க."

செல்வியின் அப்பா ஒரே ஒரு படத்தில் தனியாக அகப்பட்டார். பந்தியில் சாம்பார் வாளியோடு, யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார்.

"என்னாண்ட எப்பவும் மொறைச்சிக்கினே இருப்பாரு..." செல்வி திரையைத் தொட்டார். "என் கல்யாணத்துல சிரிச்சாரா அண்ணே?"

பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

எது போனாலும் இன்னொன்று இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். முதலாவது போனதையே கவனிக்காதவனுக்கு இரண்டாவது இருந்து என்ன பயன்? ஒருவர் இங்கிலீஷைப் படித்தார், இன்னொருவர் ஓடி வந்தார். பிழைத்தேன்.

ரெஹானா அம்மா கிளம்பும்போது நன்றி சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. "டீ சாப்பிடறீங்களா?" என்றேன். நேரமில்லை என்று போய்விட்டார்.

அதனால்தான் இந்த வாரப் பத்தியில், உங்கள் எல்லோர் முன்னாலும் அந்த நன்றியைச் சொல்கிறேன் — எதிரில் நிற்கும் ஒருவரிடம் சொல்வதைவிட எனக்கு இது சுலபம்!