இருபது மினிட் சரிவு

என் மகளின் இலக்குச் சுடும் துவக்குக்கு ஸ்கோப் பேஸ் தெரிவு செய்த அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். அவள் வேறு வேலை கிடைத்துத் துலூஸ் நகருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. துவக்கும் அவளோடு போய்விட்டது. ரூ லூயி-பிளாங் தெருவில் உள்ள என் தொலைபேசி திருத்தும் கடையின் கதவு மதியத்தில் திறந்தால், அவள்தானோ என்று இன்னமும் நிமிர்ந்து பார்க்கிறேன்.

அவள் இந்த நாட்டிலேயே பிறந்தவள். அப்போது கிழமை நாட்களில் கந்தோர் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் குறிபார்த்துச் சுடும் கிளப். தூர இலக்கு அணியில் சேர ஆசைப்பட்டு, கடதாசி வேலையெல்லாம் முடித்து, சொந்தத் துவக்கு ஒன்றை வாங்கிவந்து தன் அறையில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டினாள். அன்றிலிருந்து என் மனைவி அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. நாங்கள் விட்டுவந்த ஊரில் துவக்கோடு வந்தவர்கள் அவளுடைய தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவேயில்லை. துவக்கு என்ற சொல்லே அவள் வாயில் வராது. "அந்தச் சாமான்" என்பாள்.

"அம்மாவுக்கு ஏலாதெண்டா நான் வேறை வீடு பாக்கிறன்" என்றாள் மகள். கோபத்தில் சொல்லவில்லை, அமைதியாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரே பிள்ளை.

தாயோடு பேச முடியாததை எல்லாம் என்னோடு பேச வந்தாள் போலும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு வந்து, ரோல்ஸைக் கடித்தபடி பேஸைப் பற்றியே பேசுவாள். தூரத்தைக் கிட்டக் காட்டும் ஸ்கோப்பைத் துவக்கின் முதுகில் இருத்தும் உலோகத் துண்டுதான் பேஸ். உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று முதலில் நான் நக்கலடித்தேன்.

"இரண்டு துண்டாய் வாறதை எடு பிள்ளை. நடுவிலை இடம் இருக்கும், குண்டு போட விரல் போகும்."

"மே நோன், இல்லை அப்பா! இரண்டும் ஒரே நேரிலை இருக்காட்டி ஸ்கோப் முறுகும்."

வளைந்த சட்டத்தில் கண்ணாடி மாட்டினால் என்ன நடக்கும் என்பது தொலைபேசிக்காரனுக்குத் தெரியாதா? ஒரே துண்டு, அதுவும் இரும்பு என்று முடிவாயிற்று. அடுத்த சண்டை சரிவைப் பற்றியது. மட்டமாக இருப்பதுதான் அழகு என்றேன். அவள் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினாள். தூரம் கூடக் கூடக் குண்டு கீழே விழும். அதை ஈடுகட்ட ஸ்கோப்பின் குமிழைத் திருகிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் திருக இடமிருக்காது. பேஸின் பின்பக்கம் ஒரு மயிரிழை உயர்ந்திருந்தால் குழல் தானாகவே கொஞ்சம் மேலே பார்க்கும், குமிழுக்கும் இடம் மிஞ்சும். அந்தச் சரிவை, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான மினிட்டில் அளப்பார்களாம். நாற்பது எடுத்தால் நூறு மீற்றரில் குறி வைக்க முடியாமல் போகலாம் என்பதால் இருபது போதும் என்றாள். வாயில் ரோல்ஸும் கையில் பேனையுமாக அவள் விளக்கிய அந்த மதியங்கள்தான் என் வாழ்க்கையில் நான் அவளோடு அதிகம் பேசிய நேரம்.

பேஸ் வந்து சேர்ந்த மறுநாள் சரஸ்வதி பூசை. எங்கள் வீட்டில் அன்று அவரவர் தொழில் சாமான்களைச் சுவாமிப் படத்துக்கு முன்னால் வைப்போம். என் திருப்புளிகள், மனைவியின் தையல் கத்தரிக்கோல், மகளின் மடிக்கணினி. அவற்றுக்குப் பக்கத்தில் மகள் சத்தமில்லாமல் பேஸையும் வைத்தாள்.

"இதென்ன?"

"அந்தச் சாமான்ரை துண்டு, அம்மா."

மனைவி சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். பிறகு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவள், பேஸைக் கையில் எடுத்து, புரட்டி, அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துத் திரும்பப் படுக்க வைத்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பேஸைப் பூட்டும் வேலையை மகள் என்னிடம்தான் தந்தாள். ஸ்பிரிட்டால் துடைக்காமல் எதையும் பூட்டாதவன் நான். துணியை எடுத்தேன், சந்தனத்தைப் பார்த்தேன், துணியைக் கீழே வைத்துவிட்டேன். அத்தனை கிழமைகளுக்குப் பிறகு மனைவி தொட்ட இடம் அது. ஒரு பொட்டுச் சந்தனம் என்ன செய்துவிடும் என்று அதன் மேலாகவே துவக்கில் பூட்டித் திருகாணிகளை இறுக்கினேன்.

அது செய்தது. ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வில் முதல் மூன்று குண்டுகளும் ஒட்டிக்கொண்டு விழுந்தன. அதற்குப் பிறகு இடப்பக்கமாக ஒன்று, மேலே ஒன்று, ஒன்று தாளிலேயே இல்லை. அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மகள் ஸ்கோப்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, ஆணிகளைக் கழற்றினாள். நொறுங்கிய சந்தனம் மஞ்சள் தூளாக அவள் உள்ளங்கையில் கொட்டியது.

"துடைக்கேல்லையா அப்பா?"

"மனம் வரேல்லை" என்றேன். பியர்ஃபித்தில் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும், "அம்மாவுக்குச் சொல்லாதைங்கோ" என்றாள்.

கதவைத் திறந்த மனைவி எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

"ஆணி இளகிட்டுது அம்மா" என்று மகள் முந்திக்கொண்டாள்.

மனைவி மகளின் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மஞ்சள் தூளைப் பார்த்தாள். "நான் வைச்ச சந்தனமோ?" என்றாள். "மேலை வைச்சா கிளப்பிலை உன்னைப் பாத்துச் சிரிப்பினம் எண்டுதான் பிள்ளை அடியிலை வைச்சனான்."

மகள் தோளில் இருந்த துவக்குப் பையை இறக்கிவைத்தாள். தாயின் கையைப் பிடித்து, "மேலை வையுங்கோ அம்மா. எல்லாரும் பாக்கட்டும்" என்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போனாள்.

மனைவி சுவாமித் தட்டுக்குப் போய்ச் சந்தனக் கிண்ணத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். அந்த அறை வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று அழுதேன்.