சாற்றுக் குழாயில் ஓட்டை முனை

கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவந்து, கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில், மீட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் தற்காலிக வேலை பார்த்தேன். வீட்டுக்காரர் போன பிறகு அந்தச் சம்பளம்தான் எங்களுக்குச் சோறு. அரவை முடிந்ததும் எங்களில் ஒருவரை நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சு. நாங்கள் இருந்ததே இரண்டு பேர்: நானும், சின்னசேலத்துக்காரன் ஒருவனும். அவன் என்னை அக்கா என்பான். என் தூக்குச்சட்டியில் பாதி அவனுக்குத்தான்.

சூடு பார்க்கும் கம்பிகளை மாற்றவேண்டியிருந்தது. எதற்கு எது என்று பட்டியல் கேட்டார் மேனேஜர். கரும்புச்சாறு ஓடும் குழாய்க்கு முனை மூடிய கம்பி, சர்க்கரையை உலர்த்தும் சூடான காற்றுக்கு முனையில் ஓட்டை போட்ட கம்பி என்று எழுதினேன். காற்று உள்ளே புகுந்து தொட்டால்தான் மீட்டர் சட்டென்று காட்டும். சாற்றில் அதைப் போட்டாலோ பாகும் சுண்ணாம்பும் ஓட்டையை அடைத்துவிடும், மீட்டர் சூட்டைக் குறைத்துக் காட்டும்.

“எல்லாம் ஒரே மாதிரி வாங்கினா ஸ்பேர் கம்மியா போதுமேக்கா. மேனேஜரும் சந்தோசப்படுவாரு,” என்றான்.

“சாறு இன்னா காத்தாடா? நான் எழுதனதையே எழுது.”

அவன் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் நல்ல பிரதி எடுப்பது எப்போதும் அவன்தான். எடுத்துவந்து நீட்டினான். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். தம்பி நீட்டினால் யார் படித்துப் பார்க்கிறார்கள்? மடச்சி!

பிள்ளைக்கு அம்மை போட்டு நான் லீவில் இருந்தபோது கம்பிகள் வந்து, அவனே மாட்டியிருந்தான். நான் திரும்பிய அன்று சாறு காய்ச்சும் இடத்தில் கருகல் வாடை. மீட்டர் சூடு போதவில்லை என்று காட்ட, ஆட்கள் அதை நம்பி நீராவியைத் திறந்துகொண்டே இருந்தார்கள். சாறு கறுத்துப்போயிருந்தது. நிறுத்தச் சொல்லிக் கம்பியைக் கழற்றினேன். ஓட்டை முனை! அடிப்பிடித்த பால்சட்டி மாதிரி அப்பிக்கிடந்தது.

மேனேஜர் பட்டியலை மேசையில் போட்டார். எல்லா வரியிலும் ஓட்டை முனை. அடியில் என் கையெழுத்து.

“அக்காதாங்க சொன்னாங்க. நான் எழுதிக் குடுத்ததோட சரிங்க,” என்றான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான், பாவி. தலையையாவது குனிந்திருக்கலாம்.

நான் கத்தினேன். “சைன் உன்னுதுதானேம்மா?” என்றார் மேனேஜர். வேலை போயிற்று.

கேட் வரை பின்னாலேயே வந்தான். “ஒனக்கு வேலை தெரியும்க்கா. எங்க போனாலும் பொழச்சிக்குவ. எனக்கு இத்த வுட்டா இன்னா தெரியும்?”

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. உள்ள போயி உண்மையச் சொல்லுடா,” என்றேன்.

சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். மலைக்குப் போகும் பஸ் இரண்டு என்னைத் தாண்டிப் போயின. யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று நான் சாயந்தரம் வரை கேட்டிலேயே நின்றிருந்தேன்.