சூறாவளி சுந்தரத்தின் முட்டிவலி

படக்கதை வரைகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: தனக்கு வரும் நோயைக் கதாநாயகன் தலையில் கட்டிவிடலாம்.

பதினெட்டு வருடமாக 'சூறாவளி சுந்தரம்' படக்கதையைத் தனியாளாக எழுதி, வரைந்து, சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு புத்தகக் கடை வாசலில் மேசை போட்டு விற்கிறேன். போன வருடம் என் வலது கை நடுங்க ஆரம்பித்தது. கோடு போட்டால் நெளிந்தது. வரைவதையே விடவேண்டி வருமோ என்று பயம். யாரிடமும் சொல்லவில்லை. புது இதழில் சுந்தரத்தைக் கிழவராக்கிவிட்டேன். முட்டிவலி, மூச்சு வாங்கல், பறக்கும்போது தள்ளாட்டம். கோடு நெளிந்தால் அவர்தான் தள்ளாடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள் அல்லவா? உட்கார்ந்தால் எழ யோசிக்கும் வயதிலிருக்கும் நீங்களாவது இந்தத் திருட்டுத்தனத்தை மன்னியுங்கள்.

லிஃப்டில் போன வீரர்

கதையில் ஒரு குழந்தை பன்னிரண்டாம் மாடி ஜன்னலில் மாட்டிக்கொள்கிறது. பறக்க முடியாத சுந்தரம் லிஃப்டில் போய்க் காப்பாற்றுகிறார். ஈசூனில் என் அடுக்குமாடி வீட்டு புளோக்கிலேயே குடியிருக்கும் ராதா அதைப் படித்துவிட்டு மறுநாளே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பட்டனை அமுக்கினதும் லிஃப்ட் வந்துடுச்சா? நம்ம புளோக்கா இருந்தா அந்தப் பிள்ளை வளர்ந்து ஆர்மில நேஷனல் சர்வீஸே முடிச்சிருக்கும் லா!"

எந்தக் கால்?

பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் ஒரு பெண் என் மேசைக்கு வந்து, இரண்டு பக்கங்களைத் திறந்துகாட்டினாள். ஒன்றில் சுந்தரத்துக்குக் கட்டு இடது முட்டியில், மற்றதில் வலது முட்டியில். கை நடுங்கிய கவலையில் நான் கவனிக்கவே இல்லை. இரண்டு காலிலும் வலிதான் என்று சமாளித்தேன்.

"அப்படின்னா டூ அப்பாயின்ட்மென்ட்ஸ் போடணும் ஆன்ட்டி."

அசல் ஆட்டம்

பக்கத்துக் கடையில் அத்தர் விற்கும் கபூர் பாய், சுந்தரம் பறக்கும் படத்தைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அவரோ பரவசமாகிவிட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"இந்த ஆட்டம் அசல்மா! இத்தனை வருஷம் ஸ்கேல் வெச்சு அடிச்ச மாதிரி இருந்துச்சு. இப்பத்தான் உங்களுக்கு வரையவே வந்திருக்கு."

ஞாயிற்றுக்கிழமை வாசகர்

செல்வம் செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வெல்டர். புதுக்கோட்டைக்காரர். ஒரு இதழ்கூட விடமாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நின்றபடியே படித்துக்கொண்டு வந்தவர், சுந்தரம் கல் பெஞ்சில் படுத்துத் தூங்கும் பக்கம் வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. வயசானது சுந்தரத்துக்கு. பின்னாடி இருக்கிற புளோக்கு ஏன் நடுங்குது?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. முதன்முதலாக ஒருவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தன் வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்து, என் மேசைமேல் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். கோடு நேராகப் போனது.

"வெல்டிங்ல ஒத்தக் கையை நாங்க நம்புறதே இல்லக்கா. இன்னொரு கையை அடியில முட்டுக் குடுங்க, டாக்டரையும் பாருங்க. அடுத்த புக்குல புளோக்கு நேரா நிக்கணும்."

வீரருக்கு வயதானால் வாசகர்கள் பெரிய மனது பண்ணி விட்டுவிடுகிறார்கள், வரைகிறவளைத்தான் விடமாட்டேன் என்கிறார்கள்.