விளக்கு புடிச்ச பொண்ணு

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் எதையாவது விட்டுத்தொலைக்க வருகிறார்கள். சிலர் கோபத்தை, சிலர் குடியை, சிலர் பழைய பெயரைக்கூட. செங்கம் சாலையில், ரமணாசிரமத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒரு காபிக் கடையின் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, சந்திரகலா அவர்களிடம் பொம்மை கேட்டாள்.

எல்லாரிடமும் கேட்கமாட்டாள். ஆள் பார்த்துத்தான். வெளிநாட்டுக்காரராக இருக்க வேண்டும், நாற்பதைத் தாண்டியிருக்க வேண்டும். பில்லை நீட்டும்போதே கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுவாள். விண்வெளிக் கப்பல், அதன் முன்னால் விறைப்பாக நிற்கும் ஒரு கூட்டம். "சின்ன வயசுல இந்த சீரியல் பாத்திருக்கீங்களா? உங்க ஊருல பழைய பொம்மைக் கடை இருக்குதா?" என்று, கடையிலேயே கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில் கேட்பாள். ஆசையை அறுக்க ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்தவர்கள் முதலில் விழிப்பார்கள். பிறகு ஒன்றிரண்டு பேருக்கு முகம் மலரும். "அட, விண்கரை!" என்பதை அவரவர் மொழியில் சொல்வார்கள்.

'விண்கரை' தமிழில் வந்தது சந்திரகலா அடி அண்ணாமலையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை. அவர்கள் வீட்டில் டிவி கிடையாது. வெள்ளையம்மாள் என்ற பக்கத்து வீட்டு அத்தை தன் வீட்டுக் கூடத்தில் பார்க்க விடுவாள். அதற்குக் கூலியாக ஒரு முறம் நிறைய வெங்காயம் உரிக்க வேண்டும். வெங்காயம் உரித்தபடியே சந்திரகலா கோள் கோளாகப் போய்வந்தாள். கப்பலுக்கு 'நாரை' என்று தமிழில் பெயர் வைத்திருந்தார்கள். கப்பலில் கேப்டன், வைத்தியர், பேசும் இயந்திரம், சண்டைக்காரர்கள் என்று பலர் இருந்தாலும் அவளுக்குப் பிடித்தது ஈலா. வழிகாட்டும் வேலை ஈலாவுடையது. பாறைகள் மிதக்கும் இருட்டில் கப்பல் இடித்துக்கொள்ளாமல் இருக்க, கையில் ஒரு விளக்கோடு முன்னால் நிற்பாள். விளக்கின் ஒளி நீலமாக இருக்கும். அத்தை வீட்டு டிவியில் எல்லா நிறமும் கொஞ்சம் பச்சையாகத் தெரியும், ஆனாலும் அந்த நீலம் நீலமாகவே தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எரிபொருள் தீர்ந்துபோன நாரை ஈலாவை ஒரு கருத்த நிலவில் இறக்கிவிட்டுப் போனது. "விளக்கை அணைய விடாதே. அதைப் பார்த்துத்தான் நாங்கள் திரும்பி வரவேண்டும்" என்றார் கேப்டன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்திரகலா வெங்காயத்தோடு உட்கார்ந்தபோது, டிவியில் ஒருவர் தக்காளித் தொக்கு செய்துகொண்டிருந்தார். அதற்கடுத்த வாரம் இஞ்சித் தொக்கு.

வருஷங்கள் கழித்துக் கைபேசி வந்தபின்தான் அவளுக்கு விவரம் தெரிந்தது. தமிழில் மட்டுமல்ல, எடுத்தவர்களே அதோடு நிறுத்திவிட்டிருந்தார்கள். எந்த மொழியிலும் கப்பல் திரும்பவில்லை. உலகம் முழுக்க அவளைப் போலச் சிலர் ஒரு குழுவில் கூடி, இன்னும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதல் பொம்மை தற்செயலாகக் கிடைத்தது. ஒரு பிரெஞ்சுக் குடும்பம் மேசையில் மறந்துபோன கேப்டன். ஆள் அனுப்பித் தேடியும் அவர்கள் அகப்படவில்லை. கடை முதலாளி சகாதேவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வெச்சினு நான் இன்னா பண்றது? நீயே எடுத்துக்கோ" என்றார். அன்று தொடங்கியது. போகிறவர்களிடம் சொல்லி அனுப்பி, மறு வருஷம் வருகிறவர்கள் கொண்டுவந்து, அய்யங்குளத்துக்குப் பின்னால் இருந்த அவள் வீட்டுக் கூடத்து ஷோகேஸில் நாரையின் ஆட்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஈலா மட்டும் வரவில்லை. விளக்கு எரிகிற பொம்மை என்பதால் கம்மியாகத்தான் செய்தார்களாம், அதிலும் பாதி உடைந்துபோயினவாம். ஷோகேஸின் நடுவில் அவளுக்கு இடம் விட்டே வைத்திருந்தாள் சந்திரகலா. கல்யாண ஆல்பத்தை அங்கே வைக்கலாமே என்று வீட்டில் சொன்னபோதுகூட அசையவில்லை.

கணவன் முருகவேல் ஆட்டோ ஓட்டுகிறவன். நல்லவன், வாய்தான் ஜாஸ்தி. விருந்தாளிகளிடம் ஷோகேஸைக் காட்டி, "எம்பொண்டாட்டிக்கு இன்னும் சொப்பு வெச்சி வெளையாடற வயசு தாண்டல" என்பான். "அந்த நடு எடம் யாருக்குனு கேளுங்க. விளக்கு புடிச்ச பொண்ணு ஒருத்தி வருவா, வருவானு பாத்துக்கினே இருக்குது. நம்ம பொண்ணுக்கு மாப்ள பாக்கும்போது கூட இப்படி ஏங்காது." மகள் கவிநிலா அப்போது கல்லூரியில் முதல் வருஷம். "அப்பா, என்ன எதுக்குப்பா இழுக்கிற?" என்று சிரிப்பாள். சந்திரகலாவும் சிரித்துவிடுவாள். ஆனால் இத்தனை வருஷத்தில் அந்தப் பெண் யார், எதற்கு விளக்குப் பிடித்திருக்கிறாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

போன ஐப்பசியில் இங்க்ரித்திடமிருந்து செய்தி வந்தது. வருஷாவருஷம் குளிருக்கு வந்து, கடையின் மூலை மேசையில் உட்கார்ந்து சுக்குக் காபி குடிக்கும் நார்வேக்காரி. முழங்கால் வலியால் இந்த வருஷம் வரமுடியாது என்று எழுதி, கூடவே ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் சமையலறை மேசைமேல் ஒரு பெட்டி. பெட்டியின் கண்ணாடித் தாளுக்குப் பின்னால் ஈலா. தம்பி வீட்டுப் பரணில் பிரிக்காமலே கிடந்ததாம்.

அன்று சந்திரகலா மூன்று பேருக்குத் தப்பாக மீதி கொடுத்தாள்.

பார்சல் டெல்லி வந்தது. டெல்லியிலேயே உட்கார்ந்துகொண்டது. சென்னை வந்தது, அங்கேயும் உட்கார்ந்துகொண்டது. கல்லாவில் கூட்டம் குறையும்போதெல்லாம் அவள் கைபேசியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். குழுவில் ஒருவர், பிரிக்காமல் வைத்தால்தான் மதிப்பு என்று எழுதினார். மதிப்பு யாருக்கு வேண்டும்? தானே தன் கையால் பிரிக்க வேண்டும், காலடியில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும், அந்த நீலத்தை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குள் கார்த்திகை தீபம் வந்துவிட்டது.

தீபத்தன்று திருவண்ணாமலை, ஊராக இருக்காது, தலைகளாக இருக்கும். பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆட்டோவும் ஓடாது. "தீபத்தன்னிக்கு லீவு கேக்கறவ இந்த ஊருல பொறந்திருக்கக் கூடாது" என்று சகாதேவன் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், சந்திரகலா விடியும்போதே கல்லாவுக்கு வந்துவிட்டாள். கைபேசியில் சிக்னல் கோடு தெரியும், பேச்சு போகாது. லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் அலோ அலோ என்றால் எந்தக் கம்பெனி தாங்கும்? கடைக்கு வெளியே மலையை வலம் வருகிற கூட்டம் ஒரே திசையில் ஆறு மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் எல்லாரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். மலையுச்சியில் தீபம் தெரிகிறவரை ஊரில் எந்த வீட்டிலும் விளக்கு ஏற்றமாட்டார்கள். எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். தெரிந்த மறுகணம் ஒரு விளக்குகூட இருட்டில் நிற்கக் கூடாது. இருட்டில் இருந்த உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம் தோன்றியது. "அண்ணாமலைக்கு அரோகரா!" என்ற சத்தம் கீழேயிருந்து எழும்பி மாடியையே உலுக்கியது. சந்திரகலா கைகூப்பினாள். அப்பா, அந்தப் பார்சலை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்றாள்.

கீழே வந்து மறுபடி கல்லாவில் உட்கார்ந்தபோது கைபேசி துள்ளியது. எங்கேயோ சிக்கிக்கிடந்த படம் ஒன்று கவிநிலாவிடமிருந்து வந்து விழுந்தது. 'அம்மா சர்ப்ரைஸ்! போஸ்ட்மேன் காலைலயே குடுத்துட்டார். உனக்கு போனே போகல!'

வீட்டு வாசற்படி. வரிசையாக அகல்விளக்குகள். நடுவில், மாக்கோலத்தின்மேல், ஈலா. கையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வந்துவிட்டாள். எரிகிறாள். தான் பிரிக்கவில்லையே என்ற குறை ஒரு ஓரமாகக் குத்தினாலும், அந்த வெளிச்சத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு இன்னும் பெரிதாக்கினாள்.

ஈலாவின் விளக்கு நீலமாக எரியும். இது மஞ்சளாக இருந்தது.

"அண்ணா, நான் வீட்டுக்குப் போறேன்" என்று எழுந்தாள். சகாதேவன் வாயைத் திறப்பதற்குள் சாலையில் இருந்தாள்.

கடையிலிருந்து வீட்டுக்குப் போகவேண்டுமானால் கூட்டத்துக்கு எதிராகத்தான் நடக்க வேண்டும். அண்ணாமலையை எல்லாரும் வலமாகச் சுற்றுகிற நாளில் ஒருத்தி மட்டும் இடமாக வந்தாள். "யம்மா, எதுக்க வராத, பாவம்மா!" என்றாள் ஒரு கிழவி. "வழி தெரியலியா உனுக்கு? இப்படிப் போ, இப்படி!" என்று ஒருவர் அவள் தோளைப் பிடித்தே திருப்பிவிட்டார். அன்னதானப் பந்தலில் நின்றவர் ஆளைப் பார்க்காமலே கையில் ஒரு தொன்னை பொங்கலைத் திணித்தார். அதைக் கீழே போடவும் மனம் வராமல், நெஞ்சோடு அணைத்துக்கொண்டே கூட்டத்தைப் பிளந்தாள். பேட்டரி விளக்கு அது. பிளாஸ்டிக் கை. பிளாஸ்டிக் கிண்ணம். பிளாஸ்டிக் கை.

வீட்டு வாசலில் அகல்கள் எரிந்துகொண்டிருந்தன. நடுவில் மாக்கோலம் கறுத்திருந்தது. பிளாஸ்டிக் கருகின நாற்றம் தெருவரைக்கும் அடித்தது.

கூடத்தில் முருகவேல் தரையில் உட்கார்ந்திருந்தான். எதிரில் ஒரு தட்டில் தண்ணீர். தண்ணீரில் ஈலா. விளக்குப் பிடித்த கை முழங்கைவரை உருகி, சொட்டி, இறுகிப்போயிருந்தது. ஒரு பக்கக் கன்னத்தில் கரி. பக்கத்தில் கிழிந்த பெட்டி.

"நான் வேணாம்னு சொன்னேன்மா. அப்பாதான்…" கவிநிலா தொடங்கினாள்.

"நீ எங்கடி சொன்ன? திரி திரிச்சிப் போட்டதே நீதான்!"

"நீதான்பா எண்ணெ ஊத்தன!"

சந்திரகலா தொன்னையைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"கலா, திட்றதுன்னா திட்டிடு. சும்மா நிக்காத" என்றான் முருகவேல். "விளக்கு புடிச்ச பொண்ணு, விளக்கு புடிச்ச பொண்ணுனு இத்தினி வருசமா சொல்லிக்கினு இருந்த. பிரிச்சிப் பாத்தா கையில கிண்ணம் மாதிரி இருக்குது. நம்ம பாவை விளக்குதான் வெளிநாட்டுல செஞ்சதுனு நெனச்சிட்டேன். நீ வரும்போது எரியணும்னு வாசல்ல வெச்சேன். மலைல ஜோதி ஏறிடுச்சி. எல்லா வூட்டுலயும் ஏத்திட்டாங்க. இது ஒண்ணு மட்டும் இருட்டா நிக்கிது. ஏத்தாம எப்படி வுடறது, நீயே சொல்லு?"

அந்த ஊரில் பிறந்த யாராலும் அன்று அந்த நிமிஷத்தில் அதை ஏற்றாமல் விட்டிருக்க முடியாது. அவளாலும்கூட முடிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தாள். அதன்பிறகுதான் அழுகை வந்தது.

அழுது முடித்ததும், "நல்லா எரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நேரந்தான். ஆனா பாக்க அப்படியே அம்மன் மாதிரி இருந்துச்சி. எதுத்த வூட்டு பாஞ்சாலைகூட கும்புட்டுட்டுப் போச்சி."

சிரிப்பும் வந்துதொலைத்தது. தண்ணீரிலிருந்து ஈலாவை எடுத்து முந்தானையால் துடைத்தாள். காலடியில் பொத்தான் இருந்தது. அழுத்தினாள். எங்கே எரியும், பல்பே உருகிக் கிடக்கிறது. இன்னொரு முறையும் அழுத்தினாள்.

முருகவேல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "யாரு இவ?" என்றான். "எதுக்கு விளக்க புடிச்சினு நிக்கிறா?"

பொங்கல் தொன்னையை நடுவில் வைத்துக்கொண்டு அவள் சொல்லத் தொடங்கினாள். நாரைக் கப்பல், மிதக்கும் பாறைகள், பேசும் இயந்திரம், தீர்ந்துபோன எரிபொருள். ஆட்டோக்காரன் ஆனதால் எரிபொருள் தீர்கிற இடத்தில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ரிசர்வ்லயாச்சும் வெச்சிருக்கக் கூடாதா?" என்றான். கருத்த நிலவில் ஈலா தனியாக இறங்குகிற இடத்தில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"அப்புறம்?"

"அப்புறம் இல்லீங்க. அதோட நிறுத்திட்டாங்க."

"நிறுத்திட்டாங்கன்னா? கப்பல் வந்துச்சா, இல்லியா?"

"யாருக்கும் தெரியாது."

"அதெப்படி?" முருகவேலுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "ஒரு பொம்பளப் புள்ளய இருட்டுல வுட்டுட்டு, வரேன்னு சொல்லிட்டு, அப்படியே போய்டுவானுங்களா? கேக்க ஆளில்லியா?"

மறுநாள் ஈலா ஷோகேஸின் நடுவில் ஏறினாள், உருகிய கையோடு. இங்க்ரித்துக்கு என்ன எழுதுவது என்று சந்திரகலா ரொம்ப யோசித்தாள். கடைசியில், வந்து சேர்ந்தாள், எங்கள் வீட்டு வாசலில் எரிந்தாள் என்று எழுதினாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த நீலத்தை அவள் இன்னும் நேரில் பார்க்கவில்லை. கல்லாவில் இப்போதும் ஆள் பார்த்துக் கேட்கிறாள்.

போன மாதம் ஒருநாள் மழைக்கு, முருகவேல் அவளைக் கூட்டிப்போகக் கடைக்கு வந்தான். ஆட்டோவில் நரைத்த தாடியோடு வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பேருந்து நிலையம் போகிறவராம். சந்திரகலா ஓரமாக ஏறிக்கொண்டாள். அய்யங்குளம் திருப்பத்தில் முருகவேல் கண்ணாடியில் அந்த ஆளை ஒருமுறை பார்த்தான். வயதைக் கணக்குப் போடுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. வண்டியை மெதுவாக்கி, கைபேசியில் அதே படத்தைப் பின்னால் நீட்டினான்.

"சார். திஸ் டிவி, யூ சீ? ஸ்மால் பாய் டைம்?"

தாடிக்காரர் குனிந்து பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"லாம்ப் கேர்ள், சார்" என்றான் முருகவேல் அவசரமாக. "ஷிப் கம்? நோ கம்?"