பூச்சோங்கிற்குப் போன வெள்ளை முயல்

கிள்ளானில் என் வீட்டின் பின்புறம் முயல் வளர்த்து, குட்டிகளை விற்கிறேன். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். முயல் வாங்க வருகிறவர்கள்தான் எனக்கு விருந்தாளிகள்.

போன வருடம் பூச்சோங்கிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். தேநீர் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து என் கணவரைப் பற்றி விசாரித்தாள். அதற்கே மனம் குளிர்ந்து, இருந்ததிலேயே அழகான வெள்ளைக் குட்டியைக் கொடுத்தேன். எங்கே வைத்து வளர்ப்பீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மதியம் அவள் போன் செய்தாள். "ஆன்டி, முயல் படுத்தே கிடக்குலா. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

டாக்சி பிடித்து ஓடினேன். அவர்களுடைய அடுக்குமாடி வீட்டு பால்கனியில், வெயில் நேராக விழும் இடத்தில் கூண்டு இருந்தது. குட்டியின் காது நெருப்பாகச் சுட்டது. ஈரத் துணியால் காதை நனைத்துக்கொண்டே மிருக டாக்டரிடம் கொண்டுபோனோம். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டது.

"வெயில் ஆகாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே ஆன்டி," என்றான் அவள் கணவன். கோபமாகச் சொல்லவில்லை. அன்று அந்த ஒரு மணி நேரமும் நான்தான் பேசியிருந்தேன்.

இப்போது வருகிறவர்களிடம், கூண்டு வைக்கப்போகும் இடத்தை முதலில் போனில் காட்டச் சொல்கிறேன். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்றும் கேட்கிறேன். சரிப்பட்டு வந்தால்தான் அடுப்பில் தண்ணீர் வைக்கிறேன். பாதிப் பேர் தேநீர் குடிக்காமலே போய்விடுகிறார்கள்.